காவிரி நாட்டுக் கணக்குகள் – 19: பிள்ளைகளின் பணத்துக்கு யார் காவல்?

தஞ்சை மராட்டிய அரசர்கள் சத்திரங்களுக்கு எழுதிவைத்த நிலங்களின் கணக்கைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்த நிலத்து நெல் யார் வயிற்றுக்குப் போனது என்பதை இந்த இதழில் சொல்வதாக எழுதியிருந்தேன். ராமேஸ்வர யாத்திரீகர்கள், பரதேசிகள், பண்டிதர்கள் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எடுத்துக்கொள்வது பிள்ளைகளை. ஒரு கூரைக்குக் கீழே, தன்னைப் பெற்றவர் அல்லாத ஒருவரின் பொறுப்பில் விடப்பட்ட பிள்ளைக்கு அங்கேயே தீங்கு நேர்ந்தால் யார் கேட்பது, அதற்கென்று ஒதுக்கிய பணத்தை யார் காப்பது என்ற கேள்விக்கு இந்த டெல்டாவில் இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது.

அது அரண்மனைக்குள்ளேயே தொடங்குகிறது. 1787-ல் துளஜா மன்னர் சாகும் தறுவாயில், பங்காளி வழியில் பத்து வயதுப் பையன் ஒருவனைச் சுவீகாரம் எடுத்தார். அந்தப் பையன்தான் சரபோஜி. தஞ்சையில் பள்ளிக்கூடங்கள் நடத்திவந்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸிடம் அவனை ஒப்படைக்க மன்னர் விரும்பினார். பாதிரியார் தயங்கினார். மன்னரின் மாற்றாந்தாய் வழித் தம்பியான அமர்சிங் பாதுகாவலர் ஆனார். கொஞ்ச நாளில் சுவீகாரம் செல்லாது என்ற தீர்ப்பைப் பண்டிதர்களிடம் வாங்கி, கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்மதத்தோடு அவரே அரியணை ஏறினார். பாதுகாக்க வேண்டியவருக்கு, பாதுகாக்கப்பட வேண்டிய பிள்ளை இடைஞ்சலாகிப் போனான்.

பிறகு நடந்தவற்றுக்குச் சாட்சி சுவார்ட்ஸின் கடிதங்கள். பையன் வெயில் படாத அறையில் அடைபட்டிருந்தான், பகலிலும் விளக்கு வெளிச்சத்தில்தான் உட்கார்ந்திருந்தான், படிப்புச் சொல்லித்தர ஆளில்லை. இதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு, பாதிரியார் சென்னையிலிருந்த கம்பெனி அரசுக்கு எழுதினார். ஒருமுறை எழுதி ஓயவில்லை, திரும்பத் திரும்ப எழுதினார். பையனுக்குக் கம்பெனிக் காவல் போடப்பட்டது. அதுவும் போதாமல் 1793-ல் அவனையும் துளஜாவின் விதவை மனைவியரையும் சென்னைக்கே அழைத்துக்கொண்டார்கள். 1798-ல் சுவீகாரம் செல்லும் என்று தீர்ப்பு மாறியது, சரபோஜி மன்னரானார். மறுவருடமே ஒப்பந்தம் போட்டு நாட்டைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. தஞ்சைக் கோட்டையும் ஓய்வூதியமும்தான் அவருக்கு மிச்சம்.

கம்பெனியின் நோக்கம் பிள்ளைப் பாசம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நடந்த காரியத்தின் வரிசையைக் கவனியுங்கள். வெளியிலிருந்து ஒருவர் உள்ளே போனார். பிள்ளையைக் கண்ணால் பார்த்தார், அவன் சொன்னதைக் கேட்டார். உள்ளே இருப்பவருக்கு மேலே அதிகாரம் உள்ள இடத்துக்கு எழுதினார், பதில் வரும்வரை விடவில்லை. கண்காணிப்பு என்று இன்று நாம் சொல்வதில் இதற்கு மேல் ஒன்றுமில்லை. இவற்றில் ஒன்று விட்டுப்போன இடங்களில்தான் பிள்ளைகளை இழந்திருக்கிறோம்.

ஆட்சி போன பிறகு சரபோஜி கம்பெனியிடம் மன்றாடிக் கேட்டவற்றில் முக்கியமானது சத்திரங்களின் நிர்வாகம். 1801-ல் தஞ்சை ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவர் எழுதிய கடிதம் பிழைத்திருக்கிறது. சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று அதில் வரிசையாகச் சொல்கிறார். பிராமணர் முதல் பறையர் வரை சோறு உண்டு, சாதி வரிசையும் கூடவே உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, சாப்பிடாமல் மிச்சம் இருப்பவர்களைக் கூப்பிடுகிறார்கள். வைத்தியர் இருக்கிறார். பிரசவம் பார்க்கிறார்கள். சிறு குழந்தைகளுக்குப் பால் தருகிறார்கள்.

அந்தக் கடிதத்தில் நான் நின்று படித்த இடம் ஒன்று உண்டு. வழிப்போக்கர்களின் ஆதரவற்ற பிள்ளைகளைப் பற்றியது. அவர்களைச் சத்திரத்துப் பள்ளி ஆசிரியரின் பொறுப்பில் விடுகிறார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, துணிமணி, மருந்து எல்லாம் உண்டு. நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள். எந்தப் படிப்பில் பிள்ளைக்கு விருப்பமோ அதைச் சொல்லித்தருகிறார்கள். படித்துத் தேறியபின் கல்யாணச் செலவும் சத்திரத்தினுடையதே.

நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய். ஓர் அரசர் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதும் ராஜாங்கக் கடிதத்தில் இதைச் சேர்க்க வேண்டும் என்று அவருக்கு ஏன் தோன்றியது? பிள்ளைப் பருவத்தில் தன் தலையில் எண்ணெய் வைக்க ஆளில்லாத அறையில் இருந்தவர் என்பதால் தோன்றியிருக்கலாம் என்பது என் ஊகம். சத்திரங்கள் நடைமுறையில் எப்படி நடந்தன என்பதற்கு அரசரே எழுதிய கடிதம் மட்டும் போதிய சாட்சி ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். என்றாலும் அந்தக் கடிதம் ஒரு பிள்ளைக்கு என்ன தேவை என்பதைத் தலையிலிருந்து கல்யாணம் வரை எண்ணிப் பார்த்திருக்கிறது. பிற்காலச் சட்டங்கள் தனிநபர் பராமரிப்புத் திட்டம் என்று பெயர் வைத்து, குழந்தைக்கு ஒன்றாக எழுதச் சொன்னது இதைத்தான்.

1855-ல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் தஞ்சை அரச வம்சத்தின் கதை முடிந்தது. சத்திரங்கள் அரசின் கைக்கு வந்து, பிறகு ஜில்லா போர்டின் பொறுப்பில் இருந்தன. அவற்றின் வருமானத்தில் பள்ளிகளும் மாணவர் விடுதிகளும் நடந்தன. இன்றும் தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியரின் கீழ் சத்திரம் நிர்வாகம் தனியாகவே இருக்கிறது. நிலம் எவ்வளவு, குத்தகை எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்ற கணக்குக்குக் குறைவில்லை. 1801 கடிதத்தில் பிள்ளையின் கணக்கும் இருந்தது. போர்டு காலத்திலிருந்து நாம் பார்ப்பது பெரும்பாலும் நிலத்தின் கணக்கு.

இருபதாம் நூற்றாண்டை இங்கே வேகமாகக் கடக்கலாம். 1920-ல் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டம் கொண்டுவந்தது. இந்தியாவில் அத்தகைய சட்டங்களில் அதுவே முதலாவது. பிறகு 1986, 2000, 2015 என்று இளைஞர் நீதிச் சட்டங்கள் வந்தன. ஒவ்வொன்றும் முன்னதைவிட நன்றாக எழுதப்பட்டது. இனி நாம் நிற்க வேண்டிய இடம் கும்பகோணம்.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. கீழே சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ, மாடி வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. குறுகலான படிக்கட்டு, வேறு வழியில்லை. 94 பிள்ளைகள் இறந்தார்கள். அத்தனை பேரும் தொடக்கப் பள்ளி வயது. ஆடி வெள்ளிக்குக் கோலம் போட்டிருந்த வாசல்களுக்கு அன்று மத்தியானம் என்ன திரும்பி வந்தது என்பதை நான் விவரிக்கப் போவதில்லை. கும்பகோணத்துக்காரர்கள் அதை மறக்கவில்லை. பாலக்கரையில் நினைவிடம் இருக்கிறது, ஆண்டுதோறும் அந்த நாளில் பெற்றோர் அங்கே கூடுகிறார்கள்.

இந்தத் தொடருக்கு வேண்டிய கேள்வி வேறு.  அந்த மூன்று பள்ளிகளில் ஒன்றுக்கு அரசு உதவித்தொகை இருந்தது. அப்படியானால் அதிகாரிகளின் கையெழுத்துகளும் இருந்தன. கீற்றுக் கூரை பெட்டிக்குள் ஒளித்துவைக்கும் பொருளல்ல. மாடி ஏறிய எவர் கண்ணிலும் படும். கையெழுத்துப் போட்டவர்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள், பிள்ளைகள் உட்காரும் இடத்தைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பேசாமல் இறங்கிவிட்டார்கள். இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை.

அடுத்த சில நாள்களில் நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது. நீதிபதி சம்பத் ஆணையம் அமைந்தது. கீற்றுக் கொட்டகைகளைப் பள்ளிகளிலிருந்து அகற்ற உத்தரவு வந்தது. இந்தத் தீ விபத்தை ஒட்டித் தொடுக்கப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், பாதுகாப்பான பள்ளிக்கூடமும் கல்வி உரிமையின் ஒரு பகுதிதான் என்று உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஆனால் தஞ்சாவூர் நீதிமன்றம் குற்றவாளிகளுக்குத் தண்டனை அறிவித்த நாள் 2014 ஜூலை 30. பத்து வருடம் ஆகியிருந்தது. 21 பேரில் 10 பேர் குற்றவாளிகள் என்றும் 11 பேர் விடுதலை என்றும் தீர்ப்பானது. பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. தண்டனை பெற்றவர்களில் கல்வித்துறையினரும் இருந்தார்கள். 2017-ல் உயர் நீதிமன்றம் பலரை விடுவித்து, நிறுவனரின் தண்டனையை அவர் சிறையில் ஏற்கெனவே கழித்த காலத்துக்குக் குறைத்தது.

இழப்பீட்டுக்குத் தனியாக ஓடினார்கள் பெற்றோர்கள். அரசு கொடுத்தது போதாது என்று அவர்கள் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். தொகையை நிர்ணயிக்க ஓய்வு பெற்ற நீதிபதி கொண்ட ஆணையம் ஒன்று வந்தது. அதன் முன்பு போய், இறந்துபோன பிள்ளையின் வயது, படிப்பு, குடும்ப வருமானம் என்று சொல்ல வேண்டியிருந்தது. தீக்காயத்தோடு பிழைத்த பிள்ளைகள் அதற்குள் வாலிபர்களாகிவிட்டார்கள். தோல் சுருங்கிய கைக்கு அறுவை சிகிச்சை எட்டு வயதில் வேண்டும். அதற்கான பணம் இருபது வயதில் வந்தால் அதற்குப் பெயர் என்ன என்பதை இழப்பீட்டு அட்டவணை எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

கும்பகோணத்துக்கு ஐந்து மாதம் கழித்து, அதே 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போக ஆள்கள் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில், அவர்களைத் தத்துக் கொடுப்பதை அரசு உடனே நிறுத்திவைத்தது. நாகையில் அரசே குழந்தைகள் இல்லம் திறந்தது. நான் அறிந்தவரை டெல்டாவில் சரியான நேரத்தில் சரியாகச் செய்யப்பட்ட காரியங்களில் இது ஒன்று. ஆனால் உதவிப் பணம் கடற்கரைக்கு வந்தபோது தனியார் காப்பகங்களும் கூடவே பெருகின. பணம் வரும் வழியில் பலகை மாட்டிக்கொள்வது எளிது. பலகைக்குப் பின்னால் எத்தனை பிள்ளைகள், எங்கிருந்து வந்தார்கள், இரவில் அவர்களோடு யார் தங்குகிறார்கள் என்பதைக் கேட்கப் பலமான ஏற்பாடு அப்போது இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு கடிதம். 2007-ல் பத்திரிகைக் கட்டுரை ஒன்றை அடிப்படையாக வைத்து, மாமல்லபுரம் பக்கத்துக் காப்பகங்களில் பிள்ளைகளுக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்று உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் போனது. நீதிமன்றம் அதையே வழக்காக எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டின் அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது என்பதே அந்த வழக்கின் தலைப்பு. நம் மாநிலத்தின் பெயர் இந்திய சட்டப் புத்தகங்களில் இப்படியும் ஏறியிருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

வழக்கு பத்து வருடம் நடந்தது. 2017 மே 5-ம் தேதி நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா அளித்த தீர்ப்பு நாடு முழுவதற்கும் பொருந்தும். அவ்வருட டிசம்பர் 31-க்குள் எல்லாக் காப்பகங்களும் பதிவு செய்யப்பட வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுதப்பட வேண்டும். ஆய்வுக் குழுக்கள் ஒழுங்காகச் செயல்பட வேண்டும். சமூகத் தணிக்கை நடக்க வேண்டும். இவற்றோடு நீதிபதிகள் பணத்தையும் தொட்டார்கள். குழந்தைகள் பாதுகாப்புக்கென்று மத்திய அரசு ஒதுக்கிய தொகையை மாநிலங்கள் முழுதாகச் செலவிடுவதில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, அது முழுமையாகவும் முறையாகவும் பயன்பட வேண்டும் என்றார்கள். திருடினால் மட்டுமல்ல, செலவழிக்காமல் திருப்பி அனுப்பினாலும் அந்தப் பணம் பிள்ளையிடமிருந்து போனதுதான்.

சமூகத் தணிக்கை எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பீகாரின் முசாஃபர்பூர் பதில் சொல்லும். அங்கே அரசு நிதியில் நடந்த சிறுமியர் இல்லம் ஒன்று அரசின் வழக்கமான சோதனைகளையெல்லாம் தாண்டியே வந்திருந்தது. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு தணிக்கைக்குப் போய், அதிகாரியின் மேசையை விட்டு எழுந்து பிள்ளைகளோடு பேசியது. அடைத்து வைத்ததும் அடித்ததும் பாலியல் வன்கொடுமையும் 2018-ல் வெளியே வந்தன. 2020 பிப்ரவரியில் இல்லத்தை நடத்தியவருக்கு டெல்லி நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. பிள்ளைகள் அதுவரை ஊமையாக இருக்கவில்லை. அவர்களிடம் கேட்க யாரும் வரவில்லை.

இனி தீங்கு நேர்ந்த பிள்ளைக்கான நிதிக்கு வருவோம். 2009 கடைசியில்தான் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. குற்றவாளி கொடுக்கும் அபராதத்தை நம்பி இருக்காமல், பாதிக்கப்பட்டவருக்கு அரசே நிதி வைத்து இழப்பீடு தர வேண்டும் என்றது அது. 2012-ல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் வந்தது. தமிழ்நாடு 2013-ல் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் அறிவித்தது. 2018-ல் நிபுன் சக்சேனா வழக்கில், தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் இழப்பீட்டுத் திட்டத்தையே போக்சோ நீதிமன்றங்கள் வழிகாட்டியாகக் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020-ல் தமிழக அரசு குழந்தைகளுக்கென்றே தனி இழப்பீட்டு நிதி ஏற்படுத்தியது.

போக்சோ விதிகளில் மூன்று விஷயங்கள் நம் ஊர்களில் பலருக்குத் தெரியாது. முதல் தகவல் அறிக்கை பதிவானதும் வழக்கின் எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு தரலாம். குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும் என்ற கட்டாயமில்லை. விடுதலையானாலும், ஆளே அகப்படாமல் போனாலும், பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தது உண்மை என்றால் இழப்பீடு உண்டு. உத்தரவு வந்த 30 நாளுக்குள் அரசு பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவும் எழுத்தில் இருந்தும், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொரு முறை நினைவூட்ட வேண்டி வந்தது. அமர்வு நீதிமன்றங்கள் தீர்ப்பு எழுதும்போது இழப்பீட்டுக்கு உத்தரவிட மறந்துவிடுகின்றன, அதனால் பணம் போய்ச் சேருவது தாமதமாகிறது என்று அது கண்டது. நிதி இருக்கிறது, திட்டம் இருக்கிறது, தீர்ப்பில் ஒரு பத்தி இல்லாததால் பணம் நின்றுவிடுகிறது.

பணம் வந்த பிறகு வேறொரு காவல். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் திட்டப்படி, வயது வராத பிள்ளைக்கு வரும் தொகையில் 80 சதவீதம் வைப்பு நிதியில் போடப்பட்டு, 18 வயதான பிறகே கைக்கு வரும். படிப்பு, மருத்துவம் போன்ற அவசியங்களுக்கு விலக்கு உண்டு. உறவுக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்ளாமல் இருக்க இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் டெல்டாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மேட்டூர் திறக்காத வருடம், குறுவை போனால் குடும்பம் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விடுகிறது. வீட்டு முகவரி மாறும், போன் நம்பர் மாறும். வைப்பு ரசீது எந்தத் தகரப் பெட்டியில் கிடக்கிறதோ தெரியாது. காப்பகத்திலிருந்து காப்பகத்துக்கு மாற்றப்பட்ட பிள்ளையின் பாடு இன்னும் மோசம். அவள் 18 வயதில் வெளியே வரும் நாளில், உன் பெயரில் இந்த வங்கியில் இவ்வளவு இருக்கிறது என்று சொல்லி ரசீதைக் கையில் கொடுக்க வேண்டியவர் யார்? மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரின் வருடாந்திர அறிக்கையில் இது ஒரு வரியாகக் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தீங்கு நேர்ந்த பிள்ளைகளுக்கு நிதி வைத்து ஈடுசெய்வதைப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு அயர்லாந்து. அங்கே கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளிலும் இல்லங்களிலும் பல தலைமுறைப் பிள்ளைகள் அடிக்கும் பட்டினிக்கும் பாலியல் கொடுமைக்கும் ஆளானார்கள். 1999-ல் பிரதமர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 2002-ல் இழப்பீட்டு வாரியம் வந்தது. 2009-ல் வெளியான ரயன் ஆணைய அறிக்கை கொடுமையின் முழு அளவையும் எழுதிவைத்தது. இழப்பீடு வாங்கியவர்களுக்கும் முதுமையில் வீடு, வைத்தியம், படிப்பு என்று தேவைகள் தொடர்ந்ததால், சபைகளின் 11 கோடி யூரோவைக் கொண்டு 2012 சட்டத்தின்படி காரனுவா என்ற ஆதரவு நிதி அமைப்பை உருவாக்கினார்கள். கல்வித் துறை அதை மேற்பார்த்தது.

நோக்கத்தில் குறையில்லை. ஆனால் பணம் ரொக்கமாகக் கைக்கு வராது. என்ன வேண்டும் என்று விண்ணப்பித்து, விலைப்புள்ளி காட்டி, அனுமதி வாங்க வேண்டும். நிதி தீர்ந்துவிடும் என்று நடுவழியில் ஆளுக்கு 15,000 யூரோ உச்சவரம்பு வைத்தார்கள். முதலில் வந்தவர்களுக்கு ஒரு நியாயம், தயங்கித் தயங்கி வந்தவர்களுக்கு வேறு நியாயம் ஆயிற்று. பிள்ளை வயதில் அதிகாரத்தின் முன் கைகட்டி நின்றவர்களை, அறுபது எழுபது வயதில் மறுபடியும் ஒரு மேசைக்கு முன் நிறுத்திவிட்டீர்கள் என்று அந்த முதியவர்கள் வருந்தினார்கள். 2018 ஆகஸ்டோடு விண்ணப்பம் வாங்குவது நின்றது. கணக்குத் தணிக்கையில் ஒரு யூரோ குறையாவிட்டாலும் ஒரு நிதி தன்னை நம்பி வந்தவர்களைப் புண்படுத்த முடியும் என்பதை அந்த நாட்டு அனுபவம் காட்டுகிறது. நம் இழப்பீட்டு விண்ணப்பங்களை வடிவமைக்கிறவர்கள் அதைப் படித்துவிட்டுப் பேனாவை எடுப்பது நல்லது.

நம் பக்கத்துப் பிள்ளைகளைத் தொடும் இன்னொரு நிதியையும் சொல்ல வேண்டும். தாளடி அறுத்த வயல்களில் ஆட்டுக்கிடை போட ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் வருவது பழைய வழக்கம். வயலுக்கு எரு, ஆட்டுக்கு மேய்ச்சல். ஆனால் அந்த ஆடுகளின் பின்னால் முன்பணத்துக்கு விடப்பட்ட டெல்டாப் பையன்கள் நடப்பதும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் குடிசைகளைப் பிய்த்துப் போட்ட பிறகு அப்படி விடப்பட்ட பிள்ளைகள் மீட்கப்பட்ட செய்திகள் வந்தன. கொத்தடிமை மறுவாழ்வுக்கான மத்தியத் திட்டத்தின்படி பிள்ளைகளுக்கு 2 லட்சம், மிகக் கொடிய நிலையில் 3 லட்சம் உண்டு. மாவட்ட ஆட்சியரிடம் குறைந்தது 10 லட்சம் நிரந்தர நிதி இருக்க வேண்டும். ஆனால் முழுத் தொகையும் வழக்கில் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. வாய்தா தள்ளத் தள்ள, பையனின் பணமும் தள்ளிப் போகிறது. போக்சோ விதி அறுத்துவிட்ட முடிச்சை இந்தத் திட்டம் மட்டும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறது?

இவ்வளவு சட்டத்துக்கும் திட்டத்துக்கும் நடுவே எனக்குப் பிடித்த ஏற்பாடு மிகச் சிறியது. இளைஞர் நீதி விதிகளின்படி ஒவ்வொரு இல்லத்திலும் பிள்ளைகளுக்கு ஓர் ஆலோசனைப் பெட்டி இருக்க வேண்டும். அலுவலக அறையிலிருந்து தள்ளி, பிள்ளைகள் படுக்கும் அறைக்குப் பக்கத்தில் அது தொங்க வேண்டும். எழுதிப் போடும் கையை அதிகாரி பார்த்துவிடக் கூடாது. பெட்டியின் சாவி இல்லத்தை நடத்துகிறவரிடம் இருக்கக் கூடாது. மேலாண்மைக் குழுத் தலைவர் என்ற முறையில் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை, பிள்ளைகளின் குழு உறுப்பினர்கள் முன்னிலையில் திறக்க வேண்டும். இதை எழுதியவர் யாராக இருந்தாலும் ஒரு பிள்ளையின் பயத்தை அறிந்தவர்.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 54-ம் பிரிவு ஆய்வுக் குழுவையும் வைத்திருக்கிறது. மூன்று பேருக்குக் குறையாமல், ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் கட்டாயம் இருக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அவர்கள் ஒவ்வொரு இல்லத்துக்கும் போக வேண்டும். போகிறார்களா என்பதை ஊர்க்காரர்கள் கவனிக்கலாம். இல்லத்துக்குப் பிறந்தநாள் சாப்பாடு போடப் போகிறவர்கள் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் நாகையிலும் நிறைய இருக்கிறார்கள். வடை பாயசத்தோடு போகும் அந்த நல்ல மனிதர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இது: 41-ம் பிரிவின் கீழ் வாங்கிய பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ஆலோசனைப் பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தார்கள், சாவி யாரிடம் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசுங்கள்.

உங்களுக்குத் தெரிந்த குடும்பத்தில் போக்சோ வழக்கு நடந்து, இழப்பீடு பற்றி யாருமே சொல்லாமல் விட்டிருந்தால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அவர்களை அழைத்துப் போங்கள். வக்கீலுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிப்பது நல்லது. தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதையும் மன்னிக்க வழியிருக்கிறது. வழக்கு தோற்றுப்போயிருந்தாலும் கேட்கலாம்.

(தொடரும்)